கிண்டியிலிருந்து நடந்து வந்தவர்

என் கணவருக்கு மழை பிடிக்காது என்றுதான் நானும் மகளும் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம். பாகற்காய் பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள், பூனை பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள், அந்த மாதிரி இதுவும் ஒன்று என்று வைத்துக்கொண்டோம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் வீட்டில் வேலைகள் தொடங்கிவிடும். சான்றிதழ்களெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் போய் அலமாரியின் மேல்தட்டில் ஏறும். டார்ச் லைட்டை எரித்து எரித்துப் பார்ப்பார். ரஸ்க் பாக்கெட்டுகள் வாங்கி அடுக்குவார். வானிலை சொல்பவர்கள் அத்தனை பேருடைய வீடியோவையும் ஒன்று விடாமல் பார்ப்பார். நாங்கள் குடியிருப்பது சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மூன்றாவது மாடியில். "மூணாவது மாடிக்குத் தண்ணி ஏறுச்சுன்னா அப்புறம் மெட்ராஸே இருக்காதுங்க" என்று நான் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார். பால்கனியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

காரணம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பெருவெள்ளம் வந்த அந்த டிசம்பரில் நாங்கள் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் ஒரு தனி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீடு முழுகிப்போனது. நானும் அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகளும் படகில் ஏறித் தப்பித்தோம். அடுத்த பொங்கலுக்குள் சேலையூருக்கு வந்துவிட்டோம். ஆனால் படகில் ஏறியவர்கள் நாங்கள் இரண்டு பேர். எங்களுக்கே மழை ஒன்றும் செய்யவில்லையே, இவருக்கு ஏன் இத்தனை என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அது முற்றியது. மகள் குரோம்பேட்டையில் இன்ஜினியரிங் முதலாண்டில் சேர்ந்திருந்தாள். வகுப்பு முடிந்து தோழிக்குப் பிறந்தநாள் என்று கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்திருக்கிறார்கள். போன் சைலன்ட்டில். வெளியே தூறல். இவர் கூப்பிட்டிருக்கிறார், மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார், பிறகு நிறுத்தவே இல்லை. கிண்டியில் ஆபீஸிலிருந்து அப்படியே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய், ரெயின்கோட்டோடு கல்லூரி வாசலில் நின்று, செக்யூரிட்டியைக் கெஞ்சி மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட வைத்துவிட்டார்.

மகள் வீட்டுக்கு வந்ததும் பையைச் சோபாவில் எறிந்தாள்.

"மைக்லம்மா! திருவிழாவுல காணாமப் போன குழந்தை மாதிரி என்னை மைக்ல கூப்பிட்டாங்க. கேன்டீனே திரும்பிப் பாக்குது. நான் எப்படி நாளைக்கு உள்ள போவேன்?"

"மழை வந்துச்சு இல்ல" என்றார் அவர், ஈரத் தலையோடு.

"தூறல்ப்பா! அது தூறல்!"

அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். காலையில் அவள் டிபன் பாக்ஸை இவர் நீட்டினால் என்னைப் பார்த்து "தேங்க்ஸ்மா" என்பாள். அந்த வாரம் முழுவதும் வீடு அப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமை அவளே ஒரு வழியோடு வந்தாள். அவர்கள் கல்லூரிக்கு ஒரு கவுன்சிலர் வந்து பேசினாராம். ஊரில் எங்கிருந்தாலும் போனிலேயே முகம் பார்த்துப் பேசலாமாம். குடும்பமாகவும் உட்காரலாமாம். கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு ஆலோசகரிடம் அவளே சனிக்கிழமை நேரம் வாங்கிவிட்டிருந்தாள்.

"நான் என்ன பைத்தியமா?" என்றார் அவர்.

"போன மாசம் முதுகுவலின்னு பிசியோதெரபி போனீங்க இல்ல? அப்ப முதுகு பைத்தியமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஒரே ஒரு தடவை உக்காருங்கப்பா. நான் உங்ககூடப் பேசறேன்."

அவர் உடன்பட்டது மனநலத்துக்காக அல்ல, மகளின் பேச்சுக்காக.

அந்தச் சனிக்கிழமை அவர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் கீழே லுங்கியுமாக வந்து உட்கார்ந்தார். போனைச் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்தோம். திரையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், காட்டன் புடவையில், நல்ல சிரிப்போடு தெரிந்தார்.

"வணக்கமுங்க. எனக்கு இங்க ஃபேன் மட்டும்தான் தெரியுதுங்க சார்."

மகள் போனை நிமிர்த்தினாள். இவர் நேர்முகத் தேர்வுக்கு வந்தவரைப் போல முதுகை நேராக்கிக்கொண்டு, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்தார்: "மேடம், சுகர் இல்ல. பிபி இல்ல. நைட்டு நல்லாத் தூங்குவேன். பாப்பா சொன்னா, அதான் உக்காந்தேன்."

"அது போதுமுங்க சார். பொண்ணு சொல்லி உக்கார்றதே பெரிய விசயம்ங்க."

அவர் கொஞ்சம் தளர்ந்தார். ஆலோசகர் முதலில் மைக் கதையைக் கேட்டார். மகள் சொன்னாள். பிறகு மழை எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். "வெள்ளத்துலேருந்து" என்று மூன்று பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம். "அந்த வெள்ளத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்றீங்களாங்க?" என்றார் அவர்.

என்னிடம் அதைக் கேட்கலாமா! நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆனால் இந்தக் கதையைச் சொல்லும்போது நான் வேறு ஆள். கல்யாண வீடுகளிலும் ஸ்டாஃப் ரூமிலும் எத்தனையோ தடவை சொல்லி மெருகேறிய கதை அது. விடியும்போது கட்டிலுக்குக் கீழே செருப்பு மிதந்தது, பாதி வெந்த சாதத்தோடு குக்கரைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடியது, பக்கத்து வீட்டுக் கோழிகள் எங்கள் மாடிக்கே பறந்து வந்துவிட்டது, மத்தியானம் காசிமேட்டிலிருந்து வந்த மீனவர்கள் படகைக் கைப்பிடிச் சுவரோடு அணைத்து நிறுத்தியது, நைட்டியோடு படகில் உட்கார்ந்து பார்த்தால் என் கையில் கேஸ் லைட்டர் இருந்தது, சிலிண்டரும் இல்லை, அடுப்பும் இல்லை, லைட்டரை மட்டும் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறேன் என்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஆலோசகர் வாய்விட்டுச் சிரித்தார். மகளும் சிரித்தாள்.

சிரித்து முடித்துவிட்டு அவர் கேட்டார்: "சார் அப்ப எங்கீங்க இருந்தீங்க?"

"நானா? ஆபீஸ்ல" என்றார் இவர்.

"அப்புறம்?"

"அப்புறம் வந்துட்டேன்."

"எப்படிங்க வந்தீங்க? டிரெயின் ஓடியிருக்காதுங்களே."

"நடந்துதான்."

"கிண்டியிலிருந்து தாம்பரத்துக்குங்களா?"

"ஆமாம் மேடம். எல்லாரும்தான் நடந்தாங்க."

பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாத தூரம் அது. நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மேஜை விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் நடந்து வந்தார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது எனக்கு ஒரு வார்த்தையாக மட்டுமே தெரியும். எத்தனை மணிக்குக் கிளம்பினார், எந்த வழியாக வந்தார், வழியில் என்ன சாப்பிட்டார், ஒன்றும் தெரியாது. வெள்ளத்தில் மாட்டியது நாங்கள்தானே, கதை எங்களுடையது என்றே எல்லாருக்கும் ஆகிவிட்டிருந்தது. அவருக்கும்கூட.

"சார், உங்களுக்குப் பிரியமிருந்தா அடுத்த வாரம் நாம ரெண்டு பேர் மட்டும் பேசலாமுங்களா?" என்று கேட்டார் ஆலோசகர்.

இவர் சரி என்பார் என்று நான் நினைக்கவில்லை. சரி என்றார்.

அதற்குப் பிறகு பெரிய பிரச்சினை, எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதுதான். எங்கள் வீட்டில் ஹாலில் பேசினால் சமையலறையில் கேட்கும், சமையலறையில் கிசுகிசுத்தால் பாத்ரூமில் கேட்கும். கடைசியில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் நானே போட்டுக் கொடுத்தேன். சனிக்கிழமை காலை, டீயைக் குடித்துவிட்டு, இயர்போனை மாட்டிக்கொண்டு மேலே போவார். இறங்கி வரும்போது ஒரு மாதிரி களைத்துப்போய் வருவார், ஆனால் பசியோடு வருவார். அன்றைக்கு மட்டும் தோசை கூடுதலாகப் போகும். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்பதில்லை.

நாலைந்து வாரம் போயிருக்கும். எதிர் வீட்டு அக்கா என்னை லிஃப்ட் ஓரமாகக் கூப்பிட்டார். முகத்தில் அவ்வளவு கவலை.

"உன்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு எனக்கு ஒரே மனசுக் கஷ்டம். நான் வத்தல் காயப் போட மாடிக்குப் போறப்பல்லாம் பாக்கறேன். உங்க வீட்டுக்காரர் சனிக்கிழமையானா யாரோ ஒரு லேடியோட வீடியோ கால்ல பேசறார்ம்மா. மணிக்கணக்கா. ஒருநாள் கண்ணைக்கூடத் தொடைச்சுக்கறார்."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"நான்தான் சேர் போட்டுக் குடுத்தேன்."

அந்த அக்காவின் முகம் போன போக்கை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பிறகு அவரை உள்ளே கூட்டிவந்து காபி கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். "அந்த மேடம் நம்பர் எனக்கும் குடேன், எனக்கும் என் மருமகளுக்கும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு" என்றார். கொடுத்தேன். அது வேறு கதை.

ஆனால் அக்கா சொன்னதில் ஒன்று எனக்குள் தங்கிவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை ஆலோசகர் எங்கள் இரண்டு பேரையும் சேர்ந்து உட்காரச் சொன்னார். மகள் தானாகவே தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்குள்ளும் ஒரு முள் இருந்தது, அதை அன்றைக்கு நான்தான் முதலில் எடுத்தேன்.

படகு எங்களை மேற்குத் தாம்பரத்தில் கொண்டுவந்து விட்டதும் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்தார்கள். அங்கே உப்புமா கொடுத்தார்கள். நானும் மகளும் மற்றவர்களும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரோ கோழிக் கதையைக் கேட்க, நான் சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் வந்து நின்றார். சேறு அப்பிய பேன்ட், கையில் ஒரு செருப்பு. ஓடிவந்து குழந்தையைத் தூக்குவார் என்று பார்த்தேன். அவர் மண்டபமே அதிரக் கத்தினார்: "இங்க உக்காந்து உப்புமா தின்னுட்டு சிரிச்சிட்டிருக்கியா நீ?"

அத்தனை பேர் முன்னால். அந்தத் தட்டை நான் கீழே வைத்ததும், ஒரு கிழவர் "விடு தம்பி, விடு" என்று இவர் தோளைப் பிடித்ததும் எனக்கு அப்படியே நினைவிருந்தது. என் படகுக் கதை எப்போதும் மண்டபத்து வாசலோடு நின்றுவிடும். உள்ளே நடந்ததை நான் யாருக்கும் சொன்னதில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். ஆலோசகர் அவர் பக்கம் திரும்பி, "சார், என்கிட்ட சொன்னதை அவங்ககிட்ட சொல்ல முடியுமுங்களா? முடிஞ்ச அளவுக்குப் போதும்" என்றார்.

அவர் போனைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் என்னைப் பார்த்துப் பேசினார்.

"ராத்திரி முழுக்க ஆபீஸ்லேருந்து போன் போட்டேன், போகல. விடிஞ்சதும் நடந்தேன். ரோடு முழுக்க ஜனம். பழனிக்கு நடந்து போறவங்க மாதிரி போய்ட்டேயிருக்காங்க. ஏர்போர்ட் கிட்ட முட்டி வரைக்கும் தண்ணி. பல்லாவரத்துல ஒரு டீக்கடை திறந்திருந்துச்சு. அங்க ஒருத்தர் எங்க போறீங்கன்னாரு. முடிச்சூர்னேன். 'முடிச்சூரா? அங்க வூடுங்கல்லாம் முழுகிடுச்சு சார், யாரும் இல்ல'ன்னாரு. டீயைக் குடிக்காமலே வச்சுட்டேன்."

நான் அவர் கையைப் பிடித்தேன்.

"அங்கேருந்து தாம்பரம் வரைக்கும் வேற ஒண்ணும் நினைக்கல. உங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாக்கியம் யோசிச்சுட்டே வந்தேன். எதுல ஆரம்பிக்கறது, உன் பேரை முதல்ல சொல்றதா, பாப்பா பேரை முதல்ல சொல்றதா. தாம்பரம் சானடோரியம் வர்றதுக்குள்ள அந்த வாக்கியம் ரெடி ஆயிடுச்சு. அதை மனசுல வச்சுட்டுதான், முடிச்சூர்க்காரங்க சில பேர் அங்க இருக்காங்கன்னு கேட்டு மண்டபத்துக்குள்ள வந்தேன். நீ சிரிச்சிட்டிருக்க. உயிரோட, தட்டைக் கையில வச்சுட்டு சிரிச்சிட்டிருக்க. எனக்கு என்ன செய்றதுன்னே தெரியல. வேற வார்த்தை வாயில வரல."

ஆலோசகர் வீட்டுப் பக்கம் எங்கோ ஒரு மயில் அகவியது. நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். பிறகு, எப்படி என்று தெரியவில்லை, நான் சிரித்துவிட்டேன்.

"அந்த உப்புமால உப்பே இல்லைங்க" என்றேன். "அதுக்குப் போய் இவ்ளோ திட்டு வாங்கினேன்."

அவரும் சிரித்தார். மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சிரித்தார். இஸ்திரி போட்ட சட்டை.

அந்த வழியில் என்னை ஒரு தடவை கூட்டிப்போங்கள் என்று நான்தான் கேட்டேன். ஆலோசகர் உடனே ஆகா என்று சொல்லவில்லை. அவருக்கு விருப்பம் இருந்தால் மட்டும் போகலாம், எந்த இடத்தில் வேண்டாம் என்று தோன்றினாலும் அங்கேயே பஸ் ஏறிவிட வேண்டும், அதில் தோல்வி ஒன்றும் இல்லை என்றார். இவர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஒருநாள் என் செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுட்டு அவ்ளோ தூரம் நடக்க முடியாது" என்றார். சம்மதம் என்று புரிந்துகொண்டேன்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடிகாலை டிரெயினில் தாம்பரத்திலிருந்து கிண்டி போனோம். இறங்கியதும் மறுபடியும் தாம்பரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தோம். ஸ்டேஷன் வாசலில் பூ விற்பவர்கூட எங்களை ஒரு மாதிரி பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. பனி இன்னும் விலகவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் குறைவு. அவர் முதலில் வேகமாக நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன்.

"யாரையாவது காப்பாத்தப் போறீங்களா?" என்றேன்.

நின்றார். யோசித்தார். "இல்ல" என்றார். அதற்கப்புறம் என் வேகத்துக்கு நடந்தார்.

நடக்க நடக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த இடத்தில் ஒரு குடும்பம் மிக்ஸியைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு போனது. இங்கே ஒரு போலீஸ்காரர் தண்ணீருக்குள் நின்றுகொண்டு, பள்ளம் எங்கே இருக்கிறதென்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். ஏர்போர்ட் எதிரில் எத்தனையோ பேர் கைகோத்துக்கொண்டு சங்கிலி மாதிரி கடந்தார்களாம். இவருக்கு ஒரு பக்கம் ஒரு கல்லூரிப் பையன், இன்னொரு பக்கம் மீன்காரம்மா ஒருவர். "அந்தம்மா என் கையை விடவே இல்ல. 'விட்டா நீ போய்க்கினேயிருப்ப, நான் இன்னா பண்றது'ன்னாங்க." இப்போது அங்கே தலைக்கு மேல் மெட்ரோ ஓடிக்கொண்டிருந்தது. விமானம் ஒன்று எங்கள் மேலேயே இறங்குவது போலத் தாழ்ந்து போனது. நான் அண்ணாந்து பார்த்து நின்றுவிட்டேன். அவர் என் முழங்கையைப் பிடித்து நடைபாதையில் ஏற்றினார்.

பல்லாவரத்தில் அந்த டீக்கடை இல்லை. அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கும் கடை. கலர் கலராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதற்கு முன்னால் போய் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தக் கவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் வேர்வை இறங்கியது. பஸ் ஏறிவிடலாமா என்று கேட்கலாம் என நான் வாயெடுத்த நேரத்தில், உள்ளேயிருந்து கடைக்கார அம்மா கேட்டார்:

"இன்னா மாடல் சார்?"

அவர் விழித்தார். "என்னம்மா?"

"இவ்ளோ நேரமா பாத்துக்கினே கீறீங்களே. இன்னா மாடல் போன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சிரிப்பு முதலில் அவருக்குத்தான் வந்தது. மகள் போனுக்கு, அவளுக்குக் கட்டாயம் பிடிக்காது என்று தெரிந்தே, பெரிய சூரியகாந்திப் பூ போட்ட ஒரு கவர் வாங்கினோம். அப்படியே நாலு கடை தள்ளி இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். டீ வந்தது. அவர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, இன்னொரு டீ சொன்னார்.

குரோம்பேட்டையில் புது ஷூ என் குதிகாலைக் கடித்துவிட்டது. நடைபாதைக் கடையில் ரப்பர் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டு, ஷூவை நாடாவால் முடிந்து அவர் தோளில் மாலையாகப் போட்டேன். அப்படியே நடந்தார். சானடோரியம் பக்கம் மரநிழலில் உட்கார்ந்து ஆளுக்கொரு வெள்ளரிப் பிஞ்சு தின்றோம். மகளுக்குப் போன் பண்ணி, தாம்பரம் மேற்கில் வந்து நில் என்றோம். அவள் ஸ்கூட்டியில் வந்து, தோளில் ஷூ மாலையோடு வரும் அப்பாவைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அப்பா, தெரிஞ்சவங்க யாராச்சும் பாக்கப் போறாங்க!"

"பாக்கட்டும். மைக்ல சொல்லட்டும்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த மண்டபத்துக்கு மூன்று பேருமாக நடந்தோம். வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். ஆனால் முகூர்த்த நாள். வாசலில் வாழை மரம், நாதஸ்வரம், சந்தனக் கிண்ணம், பன்னீர். பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரியவர் எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார்.

"வாங்க வாங்க! இவ்ளோ லேட்டாவா வர்றது? முகூர்த்தமே முடிஞ்சு போச்சு. நேரா பந்திக்குப் போங்க."

"இல்லைங்க, நாங்க..." என்று இவர் ஆரம்பித்தார்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், இலை காலியா இருக்கு!"

பின்னால் வந்த கூட்டம் தள்ள, நாங்கள் மூன்று பேரும் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போய்விட்டோம். நான் ரப்பர் செருப்பில், அவர் வேர்வையில் நனைந்த டி-ஷர்ட்டில், மகள் சுருங்கிப்போய் என் முதுகுக்குப் பின்னால். "மானம் போகுதும்மா, வா போயிடலாம்" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்குள் தண்ணீர் தெளித்து, இனிப்பு வைத்து, அப்பளம் வைத்துவிட்டார்கள்.

பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

நான் திருதிருவென்று முழித்தேன். என் கணவர் நிதானமாகச் சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ரெண்டும் இல்லைங்க. வெள்ளத்தப்ப இந்த மண்டபத்துலதான் இவங்க ரெண்டு பேரையும் கண்டுபிடிச்சேன். இடத்தைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம். உள்ள தள்ளிட்டாங்க."

அந்த அம்மாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "எங்கேருந்து வந்தீங்க அப்ப?"

"கிண்டியிலேருந்து. நடந்து."

"அய்யோ! எப்படி?"

அவர் சொன்னார். ரசத்தில் ஆரம்பித்துப் பாயசம் வரைக்கும் சொன்னார். கைகோத்த சங்கிலி, மீன்காரம்மா, குடிக்காத டீ, எல்லாவற்றையும் சொன்னார். என் அம்மாவுக்காக யோசித்து வைத்த வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. எதிர்வரிசை இலைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். பரிமாற வந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். மகள் சுருங்குவதை மறந்து வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் எனக்கு ஏன்ப்பா சொல்லவே இல்ல?" என்றாள். "இப்பதான் சொல்றேனே" என்றார் அவர். நான் நடுவில் கோழிக் கதையைச் சொல்லலாம் என்று ஒரு தடவை வாய் திறந்தேன். யாரும் என் பக்கம் திரும்பவே இல்லை. பாயசத்தைக் குடித்தேன்.

கிளம்பும்போது அந்தப் பெரியவரிடம் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் எங்களை விடாமல் மேடைக்கே கூட்டிப்போய்விட்டார். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் எங்களை நிறுத்திப் படமும் எடுத்துவிட்டார்கள். தோளில் ஷூவோடு என் கணவர் இப்போதும் யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பத்தில் நிற்கிறார்.

மழைக்கு அவர் இன்னமும் பயப்படுகிறார். அடுத்து வந்த ஐப்பசியிலும் டார்ச் லைட் எரிந்து அணைந்தது, ரஸ்க் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். மகளுக்கு ஒரே ஒரு தடவை போன் போட்டு, "பாப்பா, எனக்கு உள்ள படபடன்னு இருக்கு, வேற ஒண்ணும் இல்ல, ரெண்டு நிமிஷம் பேசு" என்பார். அவள் வகுப்பிலிருந்து வெளியே வந்து பேசுவாள். கேன்டீனில் என்ன சமோசா, யார் யாரோடு சண்டை என்று ஏதாவது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. ஆலோசகரிடமும் பேச்சு சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்பதிலிருந்து மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு தீபாவளி வாழ்த்து அனுப்புவதாக ஆகிவிட்டது.

நாங்கள் நடந்து வந்த அந்த ஞாயிறுக்கு மறுநாள் என்னால் பள்ளிக்கூட மாடிப்படி ஏற முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி ஸ்டாஃப் ரூமுக்குள் வந்து விழுந்தேன். கால்களை நாற்காலியில் நீட்டிக்கொண்டேன். சயின்ஸ் டீச்சர் என்னாச்சு என்று பதறிக்கொண்டு வந்தார்.

"நேத்து கிண்டியிலேருந்து தாம்பரத்துக்கு நடந்தே வந்தேன் டீச்சர்."

"ஏன், டிரெயின் ஓடலையா?"

"ஓடுச்சே" என்றேன். "அதுலதான் கிண்டிக்கே போனோம்."